ஆறாம் மாடியில் பொங்காத பால்

நாகரத்தினம் அடுப்பில் வைத்த பால் முதல் நாள் பொங்கவில்லை, இரண்டாம் நாளும் பொங்கவில்லை, மூன்றாம் நாள் அடுப்பைப் பெரிதாக எரியவிட்டு ஒன்றரை மணி நேரம் பக்கத்திலேயே நின்று பார்த்தும், அது சூடேறாமல், ஆடைகூடப் பிடிக்காமல், விரலை விட்டால் விரல் சில்லிடும்படி அப்படியே கிடந்தது. அதே அடுப்பில் தண்ணீர் கொதித்தது, பருப்பு வெந்தது, உலைக் கஞ்சி வழிந்து தீயை அணைத்தது, கடுகு வெடித்து முகத்தில் தெறித்தது. பாலுக்கு மட்டும் அந்த நெருப்போடு பேச்சுவார்த்தை இல்லை. கடையை மாற்றி வாங்கிப் பார்த்தாள், பாத்திரத்தை மாற்றி ஊற்றிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. அதற்காக அவள் ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. அவளுடைய கவலை வேறு. பால் பொங்காத வீட்டில் எப்படித் தலை சாய்ப்பது?

அந்த வீடு ஒரு கடலோர நகரத்தில், எட்டு மாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்தது. அந்த நாட்டின் பெயரை அவள் கணவர் சென்னியப்பன் மாதக்கணக்காக வாய் ஓயாமல் சொல்லியும் அது அவள் நாக்கில் ஒட்டவில்லை, நமக்கும் அது வேண்டாம். வெளிநாட்டார் வீடு வாங்கினால் ஒரு வருடம் தங்கிக்கொள்ள அட்டை கொடுக்கும் நாடு, அவ்வளவு தெரிந்தால் போதும். கரூரில் படுக்கை விரிப்பு நெய்து கப்பலேற்றும் சென்னியப்பனுக்கு அந்த நாட்டின் மேல் தனியாக ஒரு பிரியமும் இல்லை. மகன் மிதுன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு அங்கே படிக்க வேண்டும், படித்து முடித்து இன்னும் மேற்கே போக வேண்டும், போனவன் பெயரைச் சொல்லித் தான் பங்காளிகள் நடுவே நிமிர்ந்து உட்கார வேண்டும். ஆனால் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. யார் பெயரில் வீடு இருக்கிறதோ அவர் வருடத்தில் நூற்றெண்பத்து மூன்று நாள் அந்த வீட்டில் உண்டு உறங்கி வசிக்க வேண்டும். வசித்தால் அட்டை புதுப்பிக்கப்படும், குடும்பத்துக்கும் அட்டை கிடைக்கும். வசிக்காவிட்டால் வீடு இருக்கும், அட்டை இருக்காது. வீட்டில் யார் ஆறு மாதம் காணாமல் போனால் எதுவும் நிற்காது என்று சென்னியப்பன் யோசித்துப் பார்த்தார். தான் போனால் தறி நிற்கும். பையன் போனால் படிப்பு நிற்கும். டிரைவர் போனால் கார் நிற்கும். நாகரத்தினம் போனால் சமையலுக்கு ஓர் ஆளைப் போட்டுக்கொள்ளலாம். அப்படித்தான் வாழ்க்கையில் முதல் முறையாக அவள் பெயரில் ஒரு வீடு பதிவானது.

மஞ்சள் துண்டு முடிந்த கயிறு கட்டிய புதுப் பித்தளைப் பாத்திரம் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே அவளோடு வந்திருந்தது. கரூர் ஜோசியர் கரூர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்து, கரூர் நேரத்துக்கு ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் பால் காய்ச்சச் சொல்லியிருந்தார். இங்கே அப்போது ஏழரை. மேகம் மூடியிருந்ததால் கிழக்கு எதுவென்று தெரியாமல் கடலைப் பார்த்து நின்று அடுப்பைப் பற்றவைத்தாள். அந்த ஊரில் கடல் மேற்கில் இருந்தது. சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த போனுக்குள் கரூர் வீட்டுக் கூடம் தெரிந்தது, கூடத்தில் சொந்தக்காரர்கள் இருபத்து மூன்று பேர் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, இங்கே பொங்கப்போகும் பாலுக்காக அங்கே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மிதுன் பேரச் சொல்லி வெய்யி நாகு," என்றார் சென்னியப்பன்.

மிதுன் பேரைச் சொல்லி வைத்தாள். முக்கால் மணி நேரம் போனது. கூடத்தில் கை கழுவப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

"என்னாச்சு, இன்னும் பொங்கலையா?"

"இல்லீங்க. சூடே ஏறுலீங்க."

"கேஸ் பத்துதா பாரு."

"பத்துதுங்க. நல்லாத்தான் எரியுது."

"பாலப் பாத்து வாங்குனயா? அந்த ஊருல என்னத்த விக்கறானோ." கொஞ்ச நேரம் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, நாளைக்கு வெய்யி. ஆனா ஒண்ணு, பால் பொங்காம அந்த ஊட்டுல தலை சாய்க்காத. பையன் பேருல வெச்ச பாலு. அவனுக்கு ஆகாது."

"அப்ப எங்கீங்க படுக்கறது?"

"அதப் பாத்துக்கலாம் போ."

பார்த்துக்கலாம் என்பது அவர் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிவரும் பதில். பார்த்துக்கொண்டவள் எப்போதும் நாகரத்தினம்தான்.

ஆறாவது மாடியில் நான்கு கதவுகள் இருந்தன. மற்ற மூன்றும் அவளைப் போலவே அட்டைக்காக வீடு வாங்கிய வேறு வேறு நாட்டார்களுடையவை, வாங்கியவர்கள் சாவியை வாங்கிக்கொண்டு போனதோடு சரி. அந்த மூன்று பூட்டிய கதவுகளுக்கும் தன் திறந்த கதவுக்கும் நடுவே, லிப்ட் வந்து நிற்கும் சதுரத்தில், சென்னிமலைப் போர்வையை விரித்து அவள் படுத்துக்கொண்டாள். பகலில் வீட்டுக்குள் சமைத்தாள், பெருக்கினாள், குளித்தாள், பால்கனியில் துணி காயப்போட்டாள். பொழுது சாய்ந்தால் தலையணையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். உள்ளே சென்னியப்பன் கடையில் போன் செய்து அனுப்பிவைத்த இரட்டைக் கட்டில் மெத்தை, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. அந்த நாட்டுச் சட்டம் உள்ளே தூங்கு என்றது, வீட்டுக்காரர் வெளியே தூங்கு என்றார். இரண்டு பேச்சுக்கும் நடுவே இருந்த இடம் அந்தச் சதுரம்தான்.

பால் வைப்பதை அவள் விடவில்லை. சென்னியப்பன் பேரைச் சொல்லி வைத்தாள், செத்துப்போன மாமியார் பேரைச் சொல்லி வைத்தாள், குலதெய்வத்தின் பேரைச் சொல்லி வைத்தாள், கொழுந்தனார் கேட்டுக்கொண்டதற்காக அவர் பேரையும் கூச்சத்தோடு ஒருமுறை சொல்லி வைத்தாள். குடும்பத்தில் பேர்கள் தீர்ந்துபோயின. பால் குளிர்ந்தே இருந்தது. தினமும் காலையில் போன் வந்தது.

"எத்தன நாளாச்சு?"

"முப்பத்தொம்பதுங்க."

"பாலு?"

"இல்லீங்க."

"சரி, இருந்துக்க."

சாப்பிட்டாயா என்று கேட்கக் கூடாது என்று அவருக்கு எண்ணம் ஒன்றும் கிடையாது. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவள்தான் போனை வைத்தபிறகும் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாள். ஊரில் இருந்தபோதும் அவர் கேட்டதில்லை, ஆனால் அங்கே கேட்காததை மறைக்க ஆயிரம் சத்தம் இருந்தது. இங்கே லிப்டின் சத்தம் மட்டும்தான், அதுவும் அவள் மாடிக்கு வருவதில்லை.

நாற்பதாம் நாள் காலையில் லிப்ட் வந்தது. அதிலிருந்து வாளியும் துடைப்பமுமாக இறங்கியவள் இலோனா, கட்டடத்தின் காவலும் துப்புரவும் அவள் பொறுப்பு, தரைத்தளத்தில் குடியிருக்கும் அறுபது வயதுக்காரி. போர்வை மேல் படுத்திருந்தவளைப் பார்த்துவிட்டுச் சாவி தொலைந்துவிட்டதா என்று கையால் கேட்டாள். நாகரத்தினம் எழுந்து உட்கார்ந்து, மிதுன் போட்டுக்கொடுத்திருந்த மொழிபெயர்க்கும் போனில் நடந்ததையெல்லாம் சொன்னாள். இலோனா உள்ளே போய், எரியும் அடுப்பிலிருந்த பாலில் விரலை விட்டு, நக்கிப் பார்த்து, தலையை ஆட்டினாள். பிறகு போனிடம் தன் மொழியில் ஏதோ சொன்னாள். போன் கனமான ஆண்குரலில், மேடைப் பேச்சாளரின் தமிழில் சொன்னது:

"எனது சிற்றன்னையின் இல்லத்தில் மாவு புளிக்கவில்லை. பதினோரு ஆண்டுகள். நாங்கள் தட்டையான ரொட்டியையே உண்டோம். தாங்கள் தேநீர் அருந்துவீர்களா?"

மத்தியானத்துக்குள் கட்டடம் முழுக்கச் சேதி தெரிந்துவிட்டது. நம் ஊராக இருந்தால் டிவிக்காரர்கள் வந்திருப்பார்கள், உண்டியல் வைத்திருப்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் அப்படியல்ல. ஒரு வீட்டில் பால் பொங்கவில்லை என்றால், சரி, பொங்காத வீடுகளும் உலகத்தில் உண்டு என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஏன் என்று சண்டை போடாமல் இருக்க முடியவில்லை. இரண்டாம் மாடியில் குழாய் வேலை செய்யும் காஸ்பர் அடுப்பைக் கழற்றித் தரையில் பரப்பி, ஒவ்வொரு திருகாகத் துடைத்து மாட்டிவிட்டு, அடுப்பில் குற்றமில்லை, பாலில்தான் குற்றம் என்றான். மலையிலிருந்து ஆட்டுப்பால் கொண்டுவந்து விற்பவள் தன் பாலைக் குற்றம் சொன்னவனோடு ஒரு வாரம் பேசவில்லை. பசும்பாலும் செம்மறிப்பாலும் பால்பவுடரும் வைத்துப் பார்த்தார்கள். அடுப்புக் கட்சி, பால் கட்சி என்று மாடிகள் பிரிந்தன, மூன்றாம் மாடியில் கணவன் ஒரு கட்சி மனைவி ஒரு கட்சி. நாகரத்தினத்தை யாரும் ஒரு கட்சியிலும் சேர்க்கவில்லை. அவள் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டு, சுவரோரமாக நின்று, தன் வீட்டில் தன் அடுப்பைச் சுற்றி நடக்கும் கூட்டத்தைச் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வெயில் வந்தது. கடற்காற்று நின்றுபோய், நகரத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பி எங்கோ மலையில் பழுதாகி, ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் கரண்ட் என்றானபோது, வீட்டுக்கு வீடு பிரிட்ஜ்கள் துணி வைக்கும் அலமாரிகளாயின. அந்த வாரத்தில் இலோனா மறதியாக நாகரத்தினத்தின் அடுப்பில் விட்டுப்போன ஒரு தூக்கு ஆட்டுப்பால், இரண்டு நாள் தீயின் மேல் உட்கார்ந்திருந்து, கறந்த மணத்தோடு குளுகுளுவென்று இருந்தது. அடுப்பை அணைத்தால் எல்லாப் பாலையும்போல் அதுவும் திரிந்தது, எரியும்வரை கெடவில்லை. கட்சிகள் அன்றோடு கலைந்தன. அடுப்பு என்பது பாலைக் குளிரவைக்கும் சாதனம் என்று கட்டடம் ஏற்றுக்கொண்டது, அதைப் பற்றி மேற்கொண்டு யாரும் பேசவில்லை.

முதலில் நான்கு பாத்திரம் வந்தது, பிறகு ஒன்பது, பிறகு காஸ்பர் இன்னொரு அடுப்பைக் கொண்டுவந்து மாட்டியபிறகு, தெரு முழுவதற்குமாகப் பத்தொன்பது. மூடியில் பேர் எழுதி ஒட்டியிருப்பார்கள். எழுத்துத் தெரியாவிட்டாலும் நாகரத்தினம் ஆட்களைப் பாத்திரத்தை வைத்துப் பழகிக்கொண்டாள்: நீலப்பூ போட்ட எனாமல் தூக்கு என்றால் நான்காம் மாடிக் கைக்குழந்தைக்காரி, காது உடைந்த அலுமினியம் என்றால் பேக்கரிக் கிழவர், பால் புட்டிகள் இரண்டு என்றால் இரட்டைப்பிள்ளை வீடு. "ஆறாம் மாடியில் வைத்திருக்கிறேன்" என்றால் பத்திரமாக இருக்கிறது என்று அந்தத் தெருவில் அர்த்தமாகிவிட்டது. ஒருத்தி தன் மகளின் கல்யாண மோதிரத்தைக்கூடக் கொண்டுவந்து அடுப்பருகில் வைத்துவிட்டுப் போனாள்.

காலையும் மாலையும் மணி அடித்தது. வந்தார்கள், மூடியைத் திறந்து தேவையானதை ஊற்றிக்கொண்டார்கள், அந்த ஊர் பாஷையில் நன்றி என்றார்கள், போனார்கள். அவள் கற்றுக்கொண்ட முதல் சொல் நன்றி, இரண்டாவது சொல், "அவசரமாகப் போகிறேன்." நான்கு நாற்காலிகள் வாங்கி அடுப்படியில் போட்டாள், முறுக்குச் சுட்டுத் தட்டில் வைத்தாள். முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டே படியிறங்கினார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவள் இலோனா ஒருத்திதான், அவளும் முழங்கால் வலிக்காக உட்கார்ந்தாள். அது துணை அல்ல, துணையின் சத்தம் என்று நாகரத்தினத்துக்குத் தெரிந்தது. தெரிந்தும் அந்த மணிச் சத்தத்துக்காகக் காலை ஆறு மணிக்கே தலைவாரிப் பூப்போட்ட சேலை கட்டிக் காத்திருந்தாள்.

நூற்று நாற்பத்தெட்டாம் நாள் மணி அடித்தபோது வந்தவர் கையில் பாத்திரம் இல்லை, பைல் இருந்தது. அட்டை வாங்கியவர்கள் உண்மையாகவே வசிக்கிறார்களா என்று பார்த்து எழுதும் ஆய்வாளர் அவர், கழுத்துவரை பொத்தான் போட்ட ஒல்லி மனிதர். குளியலறையில் பல் துலக்கும் பிரஷ்ஷைத் தொட்டு ஈரம் பார்த்தார், அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தார், அடுப்படியில் பத்தொன்பது பாத்திரங்களையும் பார்த்து ஒன்றின் மூடியைத் தூக்கி, "எனது தாயாருடையது," என்று அவளுடைய போன் வழியாகச் சொல்லிவிட்டு மூடினார். எல்லாவற்றுக்கும் டிக் அடித்துக்கொண்டே படுக்கையறைக்குப் போனவர் அங்கே நின்றார். பிளாஸ்டிக் உறைக்குள் கட்டில் மெத்தை பளபளவென்று கிடந்தது. விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

"இவ்வில்லத்தில் தாங்கள் உறங்குவதில்லை," என்றது போன்.

பொய் சொல்லலாம்தான். அவளுக்கு வரவில்லை. "இல்லீங்க," என்றாள்.

ஆய்வாளர் கெட்டவர் இல்லை. கட்டில் ஓரத்தில் உட்காரப் போய், பிளாஸ்டிக் சத்தம் கேட்டு எழுந்துகொண்டார். ஏழு நாள் கழித்து வருவேன், அப்போதும் மெத்தை இப்படியே இருந்தால் அட்டை ரத்து, குடும்பத்துக்கும் கிடையாது என்றார். பிறகு, ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொன்றும் சொன்னார்.

"முதலாம் ஆண்டு கடினமே. அடுத்த நான்கு ஆண்டுகளில் தாங்கள் பழகிவிடுவீர்கள்."

"அடுத்த நாலு வருசமா?"

"ஐந்தாண்டுகள். ஆண்டுதோறும் நூற்றெண்பத்து மூன்று நாட்கள். தங்கள் கணவர் கையொப்பமிட்ட படிவத்தில் உள்ளது."

போன் தப்பாகச் சொல்கிறது என்று நினைத்து மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அதே கனமான குரலில் அதையே சொன்னது.

மறுநாள் காலை போன் வந்தபோது, எத்தனை நாள் என்று அவர் கேட்பதற்கு முன்னால் அவள் பேசினாள்.

"ஏனுங்க, இது அஞ்சு வருசமாமே. உங்களுக்குத் தெரியுங்களா?"

அந்தப் பக்கம் தறிச் சத்தம் கேட்டது. "தெரியும்."

"எங்கிட்டச் சொல்லுலீங்க."

"சொன்னா நீ பெட்டியத் தூக்கியிருப்பயா? ஒரு வருசம் இருந்து பழகிட்டா அப்பறம் உனக்கே ஒண்ணும் தெரியாதுன்னு வெச்சேன். மிதுனுக்காகத்தான? எனக்கா?"

"ஆபீசர் வந்துட்டுப் போனாருங்க. மெத்தயில படுக்குலீன்னு கண்டுபுடிச்சுட்டாரு. ஏழு நாளு குடுத்திருக்காரு."

"அட, இதுக்கா பயந்துட்ட?" சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. வியாபாரத்தில் இதைவிடப் பெரிய ஆபீசர்களையெல்லாம் பார்த்தவர். "பிளாஸ்டிக்கக் கிழிச்சு எறி. ரெண்டு தலவாணியக் கசக்கிப் போடு, போர்வையச் சுருட்டிப் போடு, படுத்த மாதிரி இருக்கட்டும். நீ எப்பவும்போல வெளிய படுத்துக்க. ஆபீசருக்கும் ஆச்சு, சாஸ்திரத்துக்கும் ஆச்சு. ரெண்டும் சரியாப்போச்சு."

"உங்களுக்குச் சரியாப்போச்சுங்க," என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசி முடிக்காமல் அவள் வைத்த முதல் போன் அதுதான்.

ஐந்து வருடம் என்பது அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. பையனுக்காக என்று முகம் பார்த்துக் கேட்டிருந்தால் பத்து வருடம்கூட இருந்திருப்பாள், அந்த அளவுக்கு அவள் ஏமாளிதான். கசக்கிப் போட்ட தலையணை உள்ளே படுத்துக்கொள்ள, தான் வெளியே படுத்துக்கொள்ள வேண்டும் என்று அவ்வளவு சுலபமாகச் சொன்னாரே, அதுதான் வலித்தது. நாற்காலிகள் நான்கும் காலியாக இருந்த அடுப்படியில் உட்கார்ந்து அவள் அழுதாள். அப்போது மணி அடித்தது, முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தாள், பேக்கரிக் கிழவர் பாலை ஊற்றிக்கொண்டு, நன்றி சொல்லி, அவள் கண்களைப் பார்க்காமல் போனார்.

அடுத்த நாள் காலையிலிருந்து அவள் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தாள். கரண்ட் இருந்த நேரம் கொஞ்சம்தான், லிப்ட் ஓடவில்லை. ஒரு கைக்கு ஒன்றாக, படிப்படியாக ஏறி இறங்கி, மற்ற மாடிகளுக்கும் பிறகு தெருவிலுள்ள வீடுகளுக்கும் கொண்டுபோய், மோதிரத்தையும் சேர்த்துக் கொடுத்தாள். இலோனாவின் தூக்கைக் கடைசியாகக் கொண்டுபோனாள். இலோனா வாங்க மறுத்தாள்.

"வெயில் இன்னும் இரு வாரங்கள் நீடிக்கும். பால் கெட்டுவிடும். நாங்கள் தங்களுக்கு என்ன பிழை செய்தோம்?" என்றது போன்.

"நீங்க ஒண்ணும் பண்ணுலீங்க. நாளைக்கு நான் என்ற பால வெக்கலாம்னு இருக்கேன். அடுப்பு எனக்கு வேணும்."

இலோனா கடைசியில் தூக்கை வாங்கிக்கொண்டாள். "பொங்கிவிட்டால் எவரும் மேலே வர மாட்டார்கள். இதனை அறிவீர்களா?"

"தெரியுங்க," என்றாள் நாகரத்தினம். அது தெரிந்துதான் ஒரு பகல் முழுக்கப் படியேறி இறங்கியிருந்தாள், ஒவ்வொரு பாத்திரத்தையும் கொடுத்துத் திரும்பும்போது அந்த வீட்டு வாசலில் ஒரு நிமிடம் அதிகமாக நின்றிருந்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு, எந்த ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்தாலும் ராகு காலமாக இருந்த நேரத்தில், டீ போடும் சின்னப் பாத்திரத்தில் ஒரே ஒரு டம்ளர் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தாள். மஞ்சள் கயிறு கட்டவில்லை, போனைச் சாய்த்து வைக்கவில்லை, கிழக்கு எது என்று பார்க்கவில்லை. யார் பேரைச் சொல்வது என்று வாய் பழக்கத்தில் தேடியது, அவள் ஒருவர் பேரையும் சொல்லவில்லை. படியேறி இறங்கியதில் கால் கடுத்தது, பால் குடிக்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். ஓரத்தில் முதலில் சின்னச் சின்னக் குமிழாகக் கட்டியது. பிறகு நடுவில் ஆடை மெல்லத் தூக்கியது. அவள் பார்த்துக்கொண்டே இருக்க, ஐந்து மாதமாக எழாத பால் நுரைத்து எழுந்து விளிம்பைத் தாண்டி நான்கு பக்கமும் வழிந்து, தீயில் பட்டுச் சுர்ரென்று, அடுப்படி முழுக்கக் காந்தல் மணம் பரவியது.

கரூர் வீட்டுக்கும் கம்பெனிக்கும் கொழுந்தனார் வீட்டுக்கும் எத்தனையோ தடவை அவள் பால் காய்ச்சியிருக்கிறாள். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்து, அடியில் ஒட்டியதைத் தண்ணீர் விட்டுக் கலக்கிக் குடிப்பதுதான் அவள் பங்கு. இன்று வழிந்தது போக அரை டம்ளர் மிஞ்சியது. சர்க்கரை போட்டு, ஆற்றி, நாற்காலியில் உட்கார்ந்து, ஆடையோடு குடித்தாள். பொங்கிருச்சு என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது, சொல்ல யாருமில்லை, அதனால் தனக்கே ஒருமுறை சத்தமாகச் சொல்லிக்கொண்டாள். பிறகு படுக்கையறைக்குப் போய், மெத்தையின் பிளாஸ்டிக்கைப் பல்லால் கடித்துக் கிழித்து, கட்டிலின் நட்டநடுவில் படுத்தாள். ஜன்னலில் வெயில் இருந்தது. மாலை ஆறு மணிக்குப் பால் ஊற்றப் பழக்க தோஷத்தில் ஏறி வந்து மணி அடித்த கைக்குழந்தைக்காரிக்கு உள்ளிருந்து பதில் வரவில்லை. அப்படியொரு தூக்கம்.

ஏழாம் நாள் ஆய்வாளர் வந்தார். மெத்தையில் நடுவே ஓர் ஆள் படுத்த குழி விழுந்திருந்தது, அதைக் கையால் அழுத்திப் பார்த்து டிக் அடித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

"இவ்வில்லத்தில் வசிப்போர் யாவர்?"

"நான்."

"வேறு எவர்?"

"வேற யாரும் இல்லீங்க. வந்து இருந்தாங்கன்னா அப்ப எழுதிக்கலாம்."

அவர் ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மீதி நாளையும் இருந்து முடித்தால்தான் செல்லும் என்ற குறிப்போடு இரண்டு வாரத்தில் புது அட்டை வந்தது, அதில் அவள் முகம் சிரிக்காமல் இருந்தது. சென்னியப்பன் போனில் குதித்தார்.

"பாலு பொங்குனத எங்கிட்டச் சொல்லுல. ஆபீசர்கிட்ட என்ற பேரத்தான் சொல்லுல, பையன் பேரையாவது சொல்லியிருக்கலாமே? அவனுக்கு அட்ட எப்படி வரும்?"

"அவன் வந்து இங்க இருக்கட்டுங்க. இருந்தா நானே கையெழுத்துப் போட்டு வாங்கித் தாரேன். நீங்களும் வாங்க. வந்தா இருங்க."

"நான் வந்தா தறிய யாரு பாக்கறது?"

"அதப் பாத்துக்கலாமுங்க," என்றாள்.

இலோனா சொன்னது போலவே நடந்தது. கரண்ட் திரும்பி வந்தது, பிரிட்ஜ்கள் குளிர்ந்தன, ஆறாம் மாடிக்கு யாரும் ஏறவில்லை. படியில் பார்த்தால் சிரித்தார்கள். பொங்கும் பால் உள்ள வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது, அது எல்லோர் வீட்டிலும்தான் பொங்குகிறது. ஒருநாள் அவள் பொறுக்க முடியாமல் கதவைத் திறந்து வெளியே போய்த் தன் வீட்டு மணியைத் தானே ஒருமுறை அடித்துக் கேட்டுவிட்டு உள்ளே வந்தாள். அந்த நாட்களில் அவள் எவ்வளவு தனியாக இருந்தாள் என்பதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆனால் கட்டிலில் படுத்தாள், கட்டிலில் விழித்தாள்.

நூற்றெண்பத்து மூன்று நாள் முடிந்தது. அடுத்த நாள் காலைக்கு விமான டிக்கெட்டைச் சென்னியப்பன் முன்பே போட்டிருந்தார். பெட்டி கட்டி வாசலில் வைத்தாகிவிட்டது. டாக்ஸிக்காரன் கீழே இரண்டு தடவை ஹாரன் அடித்தான். நாகரத்தினம் பால்கனியிலிருந்து கையை ஆட்டினாள். அவன் வருகிறாள் என்று நினைத்துச் சிகரெட்டைப் பற்றவைத்தான். அவள் மறுபடி ஆட்டினாள், போ என்று. அவன் சலித்துக்கொண்டு போனான். ஒன்பது மணிக்குப் போன் அடித்தது.

"பிளேன் ஏறிட்டயா?"

"இல்லீங்க. டாக்ஸியத் தாட்டிவுட்டுட்டேன். இன்னிக்கு இங்கயே இருக்கலாம்னு."

"எதுக்கு? அதான் நாளு முடிஞ்சுபோச்சே?"

"ஆமாங்க," என்றாள் அவள். "முடிஞ்சுபோச்சுங்களே. அதனாலதான்."

அவர் அதைப் புரிந்துகொள்ள முயன்றுகொண்டிருக்கும்போதே அவள் போனை வைத்துவிட்டாள். எந்த ஆபீசிலும் எழுதப்படாத, எந்த அட்டைக்கும் சேராத அந்த நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பெட்டியை உள்ளே இழுத்து வந்து கட்டில் மேல் வைத்துத் திறந்தாள். சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, மடித்து, பீரோவில் அடுக்கினாள். பீரோ பாதிகூட நிறையவில்லை. மீதியை அவள் காலியாகவே விட்டாள்.